கவிழ்த்து வைத்த படகு

பசுவை ஓட்டிக்கொண்டு போன அன்று ஞானம்மா அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கொட்டிலில் கிடந்த சாணியை வாரிப் போட்டாள். கயிற்றைச் சுருட்டிக் கூரையில் செருகினாள். செருகும்போதே, "அந்தோணியாரே, பசு போன எடத்துல படகு வருது. உன் திருநாளுக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காம அதுல கால் வைக்கமாட்டோம்" என்று நேர்ந்துகொண்டாள். அவளை யாரும் கேட்கவில்லை. சிலருக்கு வாய் சும்மா இருக்காது. ஞானம்மாவுக்கு நேர்த்தி சும்மா இருக்காது.

பொன்னேரிக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது அவர்கள் காலனி. அவள் புருஷன் சாலமோன் இளவட்டத்தில் பண்ணையாருக்கு மாட்டுவண்டி ஓட்டியவன். பண்ணையார் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனதும் வண்டியும் போயிற்று, மாடும் போயிற்று, ஓட்டினவன் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு காலனி ஆட்களுக்கெல்லாம் கிளிஞ்சல் வேலைதான். பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடியில் கிடக்கும் கிளிஞ்சலை வாரிப் படகில் ஏற்றி, கால்வாய் வழியாகச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுவந்து கொட்டவேண்டும். படகு ராஜவேலுவுடையது. வாரியதில் பாதி படகுக்கு, மீதிப் பாதி ஆளுக்கு. படகு மூச்சு வாங்குவதில்லை, முதுகு வலிக்கிறது என்று சொல்வதில்லை, ராத்திரி இருமுவதில்லை. இருந்தும் அதற்குப் பாதி.

இந்தப் பாதி சாலமோனை அரித்துக்கொண்டே இருந்தது. உப்புத்தண்ணீர் காலை அரித்ததைவிட அதிகமாகவே அரித்தது. "நம்முளுதுன்னு ஒரு படகு இருந்தா, வாரினது அத்தினியும் நம்முளுதுமே" என்று படுக்கப் போகும்போதெல்லாம் சொல்வான். ஞானம்மா விளக்கை ஊதி அணைப்பாள். கடைசியில் எழுபத்து நாலாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு, "பசுவை வித்துடு" என்றாள். அந்தப் பசு அவள் தாய்வீட்டுச் சீர். வீட்டில் விற்பதற்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

படகு விற்றவன் ஏரிக்கரைக் குப்பத்து மாரியப்பன். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், பெரிய படகு கட்டியிருந்தான். பழைய பாய்ப்படகு சும்மா நின்றது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பார்த்தார்கள். பழைய படகு பார்ப்பது பெண் பார்க்கப் போவது மாதிரி. குறையைச் சொல்ல அங்கே ஒருத்தரும் இருக்கமாட்டார்கள், நாமேதான் கண்டுபிடிக்கவேண்டும். சாலமோன் ஒவ்வொரு பலகையாகத் தட்டினான். வண்டிச் சக்கரத்தில் மூட்டுப் பார்க்கிற மாதிரி இணைப்புகளில் நகத்தை விட்டு நிமிண்டினான். பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஞானம்மா பாயைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட பாய்தான், ஆனால் ஒட்டுப்போட்ட கை நல்ல கை.

"தண்ணி உள்ள வருமாண்ணே?"

"பழசுதான். இல்லன்னு சொல்லல. ஆனா பழகின மரம் சாலமோனு. தண்ணில கெடக்கிற வரிக்கும் அது உன்னைக் கைவுடாது" என்றான் மாரியப்பன்.

இதைவிட நல்ல வார்த்தை யார் சொல்லுவார்கள். பணத்தைக் கொடுத்தார்கள். மாரியப்பனே கூட வந்து, பாயை எப்படி ஏற்றுவது, காற்று திரும்பினால் எப்படி இறக்குவது என்று காட்டிக்கொண்டே கால்வாய் வரைக்கும் ஓட்டிவந்து விட்டான். வழி நெடுக ஞானம்மா குனிந்து அடிப்பலகையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கால் வைக்கமாட்டோம் என்று நேர்ந்தவள் காலைத் தூக்கிக் குறுக்குப்பலகைமேல் வைத்துக்கொண்டு வந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். அந்தோணியார் அதை ஒத்துக்கொண்டாரோ என்னவோ.

மறுநாளே ஏரிக்குப் போய்விடலாம் என்று சாலமோன் குதித்தான். "நேந்துக்கிட்டேன். திருநாளு வரிக்கும் பொறு" என்றாள் ஞானம்மா. அந்தோணியார் திருநாள் ஜூன் மாதம் நடுவில். அவன் மூஞ்சி தொங்கிப்போயிற்று. ஆனால் நேர்ந்ததை மீறி வண்டி கட்டினவன் அவன் பரம்பரையிலேயே கிடையாது.

அதுவரைக்கும் படகைத் தண்ணீரில் விட்டுவைப்பதா? சாலமோனுக்கு மனசு கேட்கவில்லை. "நனைஞ்ச வண்டிக்குப் பாதி ஆயுசு" என்று பண்ணையார் சொல்லுவார். வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு தூறல் விழுந்தால் தன் தலைக்குத் துண்டு போடாமல் வண்டிக்குப் படுதா போட்டவன் அவன். காலனி ஆட்களைக் கூப்பிட்டுப் படகைக் கரையேற்றினான். மற்றதை ஞானம்மா பார்த்துக்கொண்டாள். மணலும் தேங்காய்நாரும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். பாசியைச் சுரண்டினாள். பிறகு பாய்மரத்தையும் பாயையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கழுவின பானையைக் கவிழ்ப்பதுபோல, நாலு பேரை வைத்துப் படகைக் கவிழ்த்து, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். "ஈரத்தோட வெச்ச பாத்திரமும் ஈரத்தோட வெச்ச மரமும் ஊட்டுக்கு ஆவாது" என்றாள். காலனியில் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அங்கே ஒருவருக்கும் அதற்கு முன்னால் சொந்தப் படகு இருந்ததில்லை. ராஜவேலுவின் படகு எங்கே கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அது அவன் படகு.

அந்த வருஷம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியான வேளையில் படகிலிருந்து டக், டக்கென்று சத்தம் வரும். அடுப்படியில் இருந்தபடி அதைக் கேட்டு, மரம் நன்றாகக் காய்கிறது என்று ஞானம்மா சந்தோஷப்படுவாள். ராத்திரி ஈரம் படிந்திருந்தால் விடிந்ததும் பழந்துணியால் துடைத்துவிடுவாள். பசுவைக்கூட அவள் அப்படித் துடைத்ததில்லை.

சாலமோன் மட்டும் பழையபடி ராஜவேலுவின் படகில் போய்ப் பாதிக்கு வாரிக்கொண்டிருந்தான். "இன்னா சாலமோனு, சொந்தப் படகை அடைகாக்க வெச்சிக்கிறியா? குஞ்சு எப்போ பொரிக்கும்?" என்று ராஜவேலு கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சாலமோனும் சிரித்தான். திருநாளுக்குப் பிறகு வரமாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டான். அதைச் சொன்ன அன்று அவன் வீட்டுக்கு நடந்து வந்த நடையே வேறு.

திருநாள் வந்தது. பூசை முடிந்து, பாக்கியநாதன் சாமியார் குடை பிடித்துக்கொண்டு கால்வாய்க்கரைக்கு வந்தார். படகைத் தண்ணீர் ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, பாய்மரத்தை மறுபடி நட்டு, அதற்குச் சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். "தள்ளுங்கப்பா" என்றார். தள்ளினார்கள். சாலமோன் ஏறிக் கோலை ஊன்றினான். படகு இரண்டு ஆள் தூரம் போயிருக்கும். அவன் குனிந்து பார்த்தான். பலகைக்குப் பலகை, இணைப்புக்கு இணைப்பு, தண்ணீர் ஊற்றெடுத்து வந்தது. ஒரு ஓட்டை என்றால் காலை வைத்து அடைக்கலாம். இது முறத்தில் தண்ணீர் பிடித்த கதை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால், முழங்கால். படகு கால்வாய் ஓரத்துச் சேற்றில் மெதுவாக உட்கார்ந்தது. விளிம்பு ஒரு சாண் வெளியே தெரிந்தது, பாய்மரமும் சாமந்திச் சரமும் தெரிந்தன, நடுவில் சாலமோன் நின்றுகொண்டிருந்தான்.

"சாமி மேலேர்ந்து தெளிச்சாரு. கீழேர்ந்து தெளிச்சது யாருப்பா?" என்று ஒருவன் கேட்டான். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து ஈர வேட்டியோடு உட்கார்ந்த சாலமோன் ஒரே வார்த்தைதான் சொன்னான். "ஏமாத்திட்டான்." மாரியப்பன் எதையோ வைத்து அடைத்து, விற்கிற அன்றைக்கு மட்டும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டான் என்பது அவன் முடிவு. ஞானம்மாவின் முடிவும் அதுதான். "போயி அவன் சட்டையப் புடிச்சிக் கேளுய்யா" என்றாள்.

"சண்டை போடுறதுக்கும் தெம்பு வேணும்மே" என்றான்.

அவனை அதற்குமுன் அவள் அப்படிப் பார்த்ததில்லை. பண்ணையார் போனபோதுகூட நாலு கெட்டவார்த்தை பேசினவன். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தான். ராஜவேலு வேறு ஆளைப் போட்டுவிட்டான். பசுவும் இல்லை. கடைசியில் ஞானம்மாவின் தம்பி தானியேல் கைப்பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரும்புக் கம்பி உருக்கி இழுக்கிற கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் கூலி. இருட்டோடு எழுந்து பொன்னேரி வரைக்கும் நடை, அங்கிருந்து ரயில். சூடு ஆறாத கம்பியைச் சாக்குத்துணி சுற்றிய கையால் தூக்கி அடுக்கவேண்டும். மாசம் முடிந்தால்தான் கூலி. நடுவில் நின்றவனுக்குக் காசு கிடையாது. திரும்பி வரும்போது அவன் வியர்வையிலேயே துரு வாடை அடித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்கிவிடுவான். படகைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கால்வாய்க்கரை வழியை விட்டுவிட்டு, முள்ளுக்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்வந்தான்.

ஒரு சனிக்கிழமை விடிகாலை, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்: "காளவாய்க்கு வெறகு போடுற குப்புராஜுகிட்ட சொல்லிக்கீறேன். மத்தியானம் கோடாலியோட வருவான். அந்தப் படகை வெட்டி எடுத்துக்கினு போவட்டும்."

"வெட்டவா?"

"வேற இன்னாத்துக்கு ஆவும் அது?"

 அவன் போனபிறகு கூரையில் செருகியிருந்த மாட்டுக்கயிறு கண்ணில் பட்டது. அதை எடுத்து எங்கேயாவது வீசிவிடலாமா என்று நினைத்தாள். அதற்கும் சோம்பலாக இருந்தது.

வெயில் ஏறுகிற நேரத்தில் "மீனே, மடவே" என்று குரல் கேட்டது. சின்னப்பொண்ணு, மாரியப்பனின் பெண்டாட்டி. மகள் பிரசவத்துக்காகக் கூடையை இறக்கி வைத்திருந்தவள், படகு விற்ற பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காலனிப் பக்கம் வருகிறாள். ஞானம்மா புடவையை வரிந்து செருகினாள். இத்தனை நாளாக அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துவைத்திருந்தாள். கூடை தெருவில் உருளவேண்டும், காலனி முழுக்கக் கூடவேண்டும், மாரியப்பன் குடும்பம் ஏழு தலைமுறைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. கரையோரம் வேகமாகப் போனாள்.

சின்னப்பொண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் திறந்துவிட்டாள்.

"பரவால்லக்கா. நல்லா ஊறப்போட்டுக்கிறீங்க."

ஞானம்மா கூடைப் பக்கம் எட்டி வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"படகு வெச்சிப் பழகாத கரை ஆளுங்களாச்சே, இவங்க எங்க கத்திரில மேல இழுத்துப்போட்டு, பலகை சுருங்கி வாயப் பொளந்துக்கப் போவுதோன்னு எனக்கு ஒரே கவலை. எங்க ஊட்டுக்காரர்கிட்ட, சொல்லிக் குடுத்தியாய்யான்னு கேட்டேன். இதெல்லாம் ஒரு ஆளு சொல்லுவாங்களா, தண்ணில கெடக்கிறது தண்ணிலதான் கெடக்கும்னாரு. இப்போ பாரு, தண்ணிய உள்ள உட்டு எம்மாஞ் சோக்கா ஊறப்போட்டுக்கிறீங்க. இப்பிடி ஊறினாதான் பலகை உப்பி ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும்."

சேர்த்துவைத்த வார்த்தை அத்தனையும் வீணாயிற்று. ஞானம்மா வரிந்து செருகிய புடவையை இறக்கிவிட்டாள். "ஆமாமா. ஊறட்டும்னுதான்" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எப்போ எடுக்கலாம்னு சொல்லுவாரு உங்க ஊட்டுக்காரரு?"

"இவ்ளோ நாளு எதுக்குக்கா? எப்பவோ ஊறியிருக்கும். எறச்சிப்புட்டு ஓட்டவேண்டியதுதான்."

ஞானம்மா மடவை மீன் வாங்கினாள். சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கினாள். சின்னப்பொண்ணு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு ஞானம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டக், டக்கென்று கேட்ட சத்தம் மறுபடி காதில் கேட்டது. தேய்த்தது அவள். கவிழ்க்கச் சொன்னது அவள். ராத்திரி ஈரத்தைக்கூடத் துடைத்தது அவள். நேர்த்தி என்று சொல்லி வெயிலில் போட்டுவைத்ததும் அவளேதான். மாரியப்பன் வாய்விட்டுச் சொன்னதுகூட இப்போது நினைவுக்கு வந்தது: தண்ணில கெடக்கிற வரிக்கும். அது ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு அல்லவா வந்தார்கள். ஒரு பாவமும் செய்யாத மனுஷனைத் திருடன் என்று இத்தனை நாள் திட்டியாகிவிட்டது. அவள் புருஷன் அங்கே சூட்டுக் கம்பி தூக்கிக்கொண்டிருக்கிறான். இதை நினைத்தபோது, பசு போன அன்று வராத அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை. மீன்மேல் ஈ மொய்த்தது, அதையும் ஓட்டாமல் அழுதாள்.

மத்தியானம் குப்புராஜ் ஒரு ஆளையும் கோடாலியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஞானம்மா படகுக்கு நேராகக் கரையில் நின்றாள்.

"வெட்ட முடியாது."

"உங்க ஊட்டுக்காரருதான் வரச்சொன்னாரு."

"அவரு ஊட்ல இல்ல. நான்தான் கீறேன்."

"ஒரு மரத்துக்கு ரெண்டு பேச்சா? பேஜாரு புடிச்ச ஜனங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் திரும்பினான். ஒரு படகு விறகுக்காகச் சண்டை போட அந்த வெயிலில் அவனுக்கும் மனசில்லை.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் சாலமோன் வந்தான். கால்வாய்க்கரையில் ஞானம்மா முழங்காலளவு தண்ணீரில் நின்று, பழைய மண்ணெண்ணெய் டின்னால் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்ததை முள்ளுக்காட்டுப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டான். இறங்கி வந்தான்.

"குப்புராஜு வரலியா?"

"வந்தான். போவச் சொல்லிட்டேன்."

"உனுக்கு இன்னா பைத்தியமா? எறச்சா மறுபடி ரொம்பும். ஏமே உசுரை வாங்கற?" கோபப்படப் பார்த்தான். குரலில் கோபம் ஏறவில்லை.

அவள் இறைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சின்னப்பொண்ணு சொன்னதைச் சொன்னாள். மாரியப்பன் ஏமாற்றவில்லை என்றாள். "நான்தான்யா கெடுத்தேன். பாத்திரம் மாதிரி கவுத்துக் காய வெச்சேன் பாரு" என்றாள்.

சாலமோன் கரையில் குந்தினான்.  டின் தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கவுக்கறப்போ இந்தப் பக்கம் புடிச்சது நான்தானே" என்றான் கடைசியில்.

படகு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிச் சேற்றிலிருந்து விடுபட்டு ஆடியது. அவள் பழந்துணியால் அடிப்பலகையை ஒற்றி எடுத்தாள். பிறகு இருவரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. "வரும். கொஞ்ச நேரத்துல வரும்" என்றான் சாலமோன். நம்பிக்கெட்டவனுக்கு மறுபடி நம்பத் துணிச்சல் வராது. பார்த்துக்கொண்டே இருந்தவன் அப்படியே அடிப்பலகையில் சாய்ந்தான், காலை நீட்டினான், தூங்கிப்போனான்.

ஞானம்மா எழுப்பவில்லை. குறுக்குப்பலகையில் உட்கார்ந்து பலகை இணைப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் கம்பி சுட்ட தழும்பு புதிதாக இரண்டு. வாய் திறந்து குறட்டை விட்டான். கல்யாணமான நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவன் முகத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. கிழவனாகிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. வீட்டில் கிடக்கும் பாய் இங்கே இருந்தால் ஏற்றியிருக்கலாம்.

வெளிச்சம் போவதற்குள் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவன் திடுக்கிட்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினான். சட்டையை முன்னால் இழுத்துப் பார்த்தான். மறுபடி தடவினான்.

"நனையல" என்றான்.

"நனையல" என்றாள் அவள்.

அவன் முகம் கோணியது. அழப்போகிறானா சிரிக்கப்போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுமில்லை, ஒரு பலகை இணைப்பை விரலால் தடவினான். பிறகு, "நாளைக்கும் கம்பெனிக்கு வரச்சொல்லிட்டான்மே. மாசம் முடியாம நின்னா ஒண்ணும் தரமாட்டான்" என்றான்.

அது அவளுக்கும் தெரியும். கூலி வராமல் அடுத்த மாதம் கிளிஞ்சல் கூடை வாங்கக்கூட வழியில்லை. அதுவரைக்கும் இந்தப் படகு கரையிலும் நிற்கக்கூடாது, ஆளில்லாமல் வெயிலில் மிதந்து மேல்பலகை காயவும் கூடாது. ஞானம்மா இறங்கினாள். டின்னைக் கால்வாயில் அமுக்கி மொண்டு படகுக்குள்ளே ஊற்றினாள். மறுபடி மொண்டாள்.

"இன்னா ஞானம்மா, எறச்ச தண்ணிய மறுபடி ஊத்துறே?" என்று அக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தி கேட்டாள்.

"ஊறட்டும்னுதான்" என்றாள். இந்தத் தடவை குரல் அவளுடையதாகவே இருந்தது.

சாலமோன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இறங்கி அவள் கையிலிருந்த டின்னை வாங்கிக்கொண்டான். கம்பி தூக்கிய கையால் மொண்டு மொண்டு ஊற்றினான். படகு கனத்து, மெதுவாகத் தாழ்ந்து, சேற்றில் உட்கார்ந்தது. விளிம்பு ஒரு சாண் மட்டும் வெளியே நின்றது.

"மாசக் கடைசி வரிக்கும் இப்பிடியே முழுகிக் கெடக்கட்டும். ஒண்ணும் ஆவாது" என்றாள்.

அவன் கையைக் கழுவிக்கொண்டே படகைப் பார்த்தான். "அப்போ நானும் அது வரிக்கும் கம்பெனில கெடக்கறேன்" என்றான்.

மடவையை அவள் காலையிலேயே குழம்பு வைத்திருந்தாள். கரை வழியாகவே வீட்டுக்கு நடந்தார்கள்.